இரண்டு நீர்நிலைகள், ஒரு தோள்பை

ஜனவரி 23, வெள்ளி இரவு, பெரம்பூர்

அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பறவைகளைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதிவரச் சொல்லியிருக்கிறார் அவனுடைய ஆசிரியை. நெட்டில் படம் எடுத்து ஒட்டக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அந்த ஆசிரியையை நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்டதுமே பிடித்துவிட்டது. சனி, ஞாயிறு, திங்கள் குடியரசு நாள் என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. சனிக்கிழமை பள்ளிக்கரணை, திங்கள்கிழமை வேடந்தாங்கல் என்று பேசி வைத்தோம். நான், அவன், அம்மா. அம்மாவுக்கு 66 வயது, முட்டிவலி உண்டு. "நானும் வரேன், ஓரமா உக்காந்துக்கிறேன்" என்றார்.

பை கட்டுவது ராத்திரி பத்து மணிவரை போனது. அம்மா தயிர்சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ளாஸ்க் நிறைய காபி என்று அடுக்கினார். நான் இரண்டு குடை, ஜமுக்காளம், மாற்றுத்துணி, மூன்று லிட்டர் தண்ணீர், ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் கடன் வாங்கிய பைனாகுலர் எல்லாம் வைத்தேன். பையன் கலர் பென்சில் டப்பா, பவர் பேங்க், கனமான ஒரு பறவைப் புத்தகம். வீட்டில் பார்சல் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று இருக்கிறது. சும்மா மாட்டிப் பார்த்தேன். 7 கிலோ 400 கிராம். பரவாயில்லை, ஒருநாள்தானே என்று நினைத்துப் படுத்தேன்.

ஜனவரி 24, சனி, பள்ளிக்கரணை

தை பிறந்து பத்து நாள். விடிகாலையில் இன்னும் பனி இருக்கிறது. பறக்கும் ரயிலில் பெருங்குடியை நெருங்கும்போது கட்டடங்கள் விலகி, சன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீரும் கோரையும் சம்பும் தெரிய ஆரம்பித்தன. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கல்யாணம் ஆன புதுசுல வேளச்சேரிக்கு உங்க அப்பாவோட வந்திருக்கேன். இதெல்லாம் கழுவெளின்னுதான் சொல்லுவாங்க. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணி." அம்மா மிகைப்படுத்தவில்லை. ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம் இது. தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பினால் அந்த உபரிநீர் இங்கேதான் வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். 2007இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் போனதெல்லாம் வீடாகவும் சாலையாகவும் அலுவலகமாகவும் குப்பைமேடாகவும் நிற்கிறது. ரயிலில் இருந்து பார்த்தால் இவை எல்லாமே ஒரே சன்னலில் தெரியும். அம்மா வேளச்சேரி வரும்வரை பேசவே இல்லை.

வேளச்சேரியில் ஆட்டோ பிடித்தோம். 150 ரூபாய். ஓட்டுநர் இறக்கிவிட்டுப் போகாமல், "அம்மா, சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற பக்கமா நில்லுங்க, அப்பதான் கலர் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கிடைத்த முதல் நல்ல யோசனை அது. கிழக்கைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரிகிறது.

முதல் அரைமணி நேரம் சுகமாக இருந்தது. நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு கூட்டம் கூட்டமாக மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று முங்கி, எங்கே எழும் என்று பையன் விரலால் காட்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் எழுந்தது. நெடுங்கால் உள்ளான்கள் ரோஜா நிறக் காலை எடுத்து எடுத்து வைத்து நடந்தன. பையன் நீளவால் இலைக்கோழியைத் தேடிக்கொண்டே இருந்தான். புத்தகத்தில் அதற்கு வளைந்த நீண்ட வால். அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான், தை மாதத்தில் இருக்காது என்று பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை கண்ணெதிரே இலைமேல் நடந்துகொண்டிருந்த மூன்று பறவைகளை நாங்கள் வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சொன்னவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். முக்காலியில் ஸ்கோப் என்கிற ஒற்றைக் குழல் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் பின்னாடி வாப்பா. நீ ஒரு அடி வச்சா அது ரெண்டு அடி தள்ளிப் போகுது பார்" என்றார். அவன் போட்டிருந்தது சிவப்பு டி-ஷர்ட். திட்டும் குரலே இல்லை அது. அப்புறம் முக்காலியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அம்மாவின் உயரத்துக்கு இறக்கி, "நீங்க பாருங்கம்மா, கண்ணை மட்டும் வைங்க, கையால பிடிக்க வேணாம்" என்றார்.

அம்மா பார்த்தது நீலத் தாழைக்கோழி. நானும் பிறகு பார்த்தேன். ஸ்கோப் முழுக்க அது ஒன்றுதான் நின்றது. உடம்பு நீலமும் ஊதாவுமாக, அலகும் நெற்றியும் ரத்தச் சிவப்பாக. ஒரு கோரைத் தண்டை அலகால் வெடுக்கென்று பிடுங்கியது. அதைக் கீழே போடாமல் ஒரு காலின் நீண்ட விரல்களால் பற்றித் தூக்கி, மற்றக் காலில் நின்றபடி, அடித்தண்டின் வெள்ளைப் பகுதியை மட்டும் உரித்து உரித்துத் தின்றது. "கரும்பு கடிக்கிற மாதிரியே இருக்குது" என்றார் அம்மா. பொங்கல் கரும்பின் மிச்சம் இன்னும் எங்கள் வீட்டு மூலையில் சாய்ந்திருக்கிறது. பையன் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டான்.

எட்டரைக்கு மேல் வெயில் ஏறியது. பையின் வார் தோளில் பதிந்து எரிய ஆரம்பித்தது. அம்மாவுக்கு நிழல் வேண்டுமே என்று ஒரு குடையை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று விரிந்தது. அந்தச் சத்தத்துக்கு, கரையோரம் ஒதுங்கியிருந்த நீலச்சிறகு வாத்துகள் மொத்தமாக எழும்பிவிட்டன. நாற்பது ஐம்பது இருக்கும். ஒரு வட்டம் அடித்துத் தூரத்தில் போய் இறங்கின. இமயமலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குளிருக்குத் தப்பி இங்கே வந்து ஓய்வெடுக்கும் பறவைகள் அவை. ஒருதரம் எழும்பிப் பறந்தால் அதற்கான தெம்பை மறுபடி தேடித் தின்றுதான் சேர்க்க வேண்டும். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தலையில் இருந்த பழைய துணித் தொப்பியைக் கழற்றி, "அம்மாவுக்கு இதைப் போடுங்க, குடையை மடக்கி வச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பைக்குள் தயிர்சாத டப்பாவின் மூடி நழுவி, ஜமுக்காளம், மாற்றுத்துணி, பறவைப் புத்தகத்தின் கால்வாசி எல்லாம் நனைந்துவிட்டது. பென்சிலால் எழுதியது பிழைத்தது, பேனாவால் எழுதிய ஒரு பக்கம் நீலக் கறையாகப் போனது. நான் புதிதாக வாங்கிப் போட்ட ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்பளமாக்கியது. காற்று திசை மாறியதும் குப்பைமேட்டு நாற்றம் முகத்தில் அடித்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே நடந்துவருகிறது, ஆனாலும் நாற்றம் இருக்கிறது. பைனாகுலர் பத்துக்கு ஐம்பது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். ஏறக்குறைய ஒரு கிலோ கனம். பையனின் கையில் அது நடுங்கிக்கொண்டே இருந்ததால் பறவை ஆடியதா அவன் கை ஆடியதா என்றே தெரியவில்லை.

இத்தனையையும்விட எனக்கு உறைத்தது வேறு ஒன்று. பத்து மணிவாக்கில் அம்மா தலைவலிக்கிறது என்றார். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். குடிக்கவில்லை. காலையில் கிளம்பியதில் இருந்து ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. "பாத்ரூம் எங்க இருக்குமோ, உங்களை எதுக்கு அலையவிடணும்னு பார்த்தேன்." மூன்று லிட்டர் தண்ணீரை நான் தோள் வலிக்கச் சுமந்துகொண்டு நடக்கிறேன், பக்கத்தில் அம்மா தாகத்தோடு நடந்திருக்கிறார். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இப்படித்தான் வெளியூர் போய்வருகிறார்கள்.

வெளியே வந்து சாலையோரத்தில் இளநீர் குடித்தோம், ஒன்று 60 ரூபாய். கடைக்காரர் அம்மாவைத் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் இளநீரையே வெட்டினார். பெரியவரின் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் உள்ளே ஓடினேன்.

ஜனவரி 25, ஞாயிறு, வீடு

கூடத்தில் பேப்பர் விரித்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். எது கைக்கு வந்தது, எது சும்மா ஏறி இறங்கியது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஜமுக்காளத்தை விரிக்கவே இல்லை. மாற்றுத்துணி தேவைப்படவில்லை. பவர் பேங்க்கைத் தொடவில்லை. கலர் பென்சில் பன்னிரண்டில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பையன் ஒரு சாதாரணப் பென்சிலால்தான் எல்லாம் எழுதினான். ஆனால் வைக்காமல் போனதற்காகத்தான் அதிகம் அவதிப்பட்டோம்: தொப்பி, துண்டு, கொப்பளத்துக்கு ஒட்ட ஒரு பிளாஸ்டர்.

குடை இரண்டும் பீரோ மேல் போய்விட்டது. பெரம்பூர் நடைபாதைக் கடையில் ஓரம் அகலமான துணித் தொப்பி மூன்று வாங்கினேன், ஒன்று 120 ரூபாய். பையனுக்குக் காக்கி நிறத்தில் முழுக்கை காட்டன் சட்டை ஒன்று, 180. முழுக்கை வெயிலுக்கும் ஆகும், சாயங்காலம் கொசுவுக்கும் ஆகும். அம்மா மாம்பழ மஞ்சள் புடவையை மடித்து வைத்துவிட்டு, பாசிப்பச்சைச் சுங்குடியை எடுத்துக் கொடியில் போட்டார். யாரும் சொல்லாமலே. "நேத்து அந்தக் கோழி தம்பி சட்டையைப் பார்த்து நகர்ந்துச்சே" என்றார்.

காலுக்குப் புதுசு வேண்டவே வேண்டாம். பழைய கேன்வாஸ் ஷூவை வெயிலில் காயவைத்தேன். ஏரிக்கரைப் புல்லில் காலையில் பனி நிற்கும், பூச்சிபொட்டும் இருக்கும். செருப்பைவிட மூடிய காலணி நல்லது. அம்மாவுக்கு மட்டும் பின்வார் வைத்த பழைய சாண்டல். முட்டிவலிக்காரர்களுக்குப் பழகிய செருப்பை மாற்றக் கூடாது.

சாப்பாட்டில் அம்மாவும் நானும் கொஞ்சம் மல்லுக்கட்டினோம். தயிர்சாதம் இல்லாமல் எப்படி என்றார். வழியக்கூடிய எதுவும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் பொடி இட்லி என்று ஒத்துக்கொண்டோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபக்கமும் தடவி, நன்றாக ஊறவிட்டு, மந்தார இலையில் நான்கு நான்காகப் பொட்டலம். வழியாது, ஊசிப்போகாது, சாப்பிட்ட இலையை மாடு தின்னும். சிப்ஸ் பாக்கெட்டை வேண்டாம் என்று பையனே எடுத்து வைத்தான். பாக்கெட் கிழிக்கும் சத்தத்துக்கும் குடைச் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவனே கேட்டான்.

தண்ணீர்தான் கனம், ஆனால் அதில் கை வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், அவரவர் தோளில் அவரவர் பாட்டில். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கவிழ்த்துவைத்துப் பார்த்தோம், பையனுடையது ஒழுகியது, மாற்றினோம். கூடுதலாக ஒரு கேன் காரிலேயே கிடக்கட்டும். எலுமிச்சம்பழம் இரண்டு, கொஞ்சம் உப்பு, ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று, அம்மாவின் பிரஷர் மாத்திரை, பிளாஸ்டர், ஊக்கு, கொசுவுக்கான களிம்பு, ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு. ஈரிழைத் துண்டைப் போல ஒரு பொருள் கிடையாது: வியர்வை துடைக்கலாம், கழுத்தில் போட்டால் வெயில் தாங்கும், நனைத்துத் தலையில் போடலாம், சுருட்டினால் அம்மாவுக்கு முட்டிக்கு அண்டக்கொடுக்கலாம். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு மஞ்சப்பை. சில்லறையாக 500 ரூபாய், ஏரிக்கரைக் கடைகளில் போன் சிக்னலை நம்பி நிற்க வேண்டாம் என்று.

பத்துக்கு ஐம்பதைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டு அண்ணனிடம் எட்டுக்கு நாற்பத்திரண்டு இருந்தது. பெரிதாகக் காட்டுவது கொஞ்சம் குறைவு, ஆனால் கனமும் குறைவு, கை நடுங்கினாலும் காட்சி அவ்வளவு ஆடாது, பார்க்கும் பரப்பும் கூடுதல். சிறுபிள்ளைகளுக்கு இதுதான் சரி. கழுத்து வாரைப் பையன் நெஞ்சளவுக்குச் சுருக்கினோம்.

பறவைப் புத்தகத்தை வைக்கவா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். நனைந்த பக்கங்களைக் காயவைத்து, வேடந்தாங்கலில் இருக்கக்கூடிய பதினைந்து பறவைகளை மட்டும் பையன் ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் சின்னதாக அலகுகளை வரைந்துகொண்டான். கரண்டிவாயனுக்கு அவன் வரைந்த அலகு எங்கள் வீட்டு தோசைக்கரண்டி போலவே இருந்தது.

ராத்திரி தராசில் மாட்டினேன். என் பாட்டிலோடு சேர்த்து 3 கிலோ 100.

ஜனவரி 26, திங்கள், வேடந்தாங்கல்

ஐந்து மணிக்குள் கிளம்பினோம், கீழ்வீட்டு அண்ணனின் காரில். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி முழுக்கப் பனிமூட்டம், எதிர்க்கரையே தெரியவில்லை. பாலாறு தாண்டி ஒரு சின்ன ஓட்டலில் பொங்கல் வடை, ஆளுக்கு 70 ரூபாய். மிளகு தட்டிப் போட்ட பொங்கல், இலையில் வைத்ததும் நெய் ஓரமாக ஓடியது. படாளம் கூட்டுரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நடவு வயல், நடுவே உண்ணிக்கொக்குகள்.

இறங்கியதும் முதல் வேலையாக வாசலில் இருந்த அம்மாளிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டாத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா தண்ணீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு, பாட்டிலைத் தானே தோளில் மாட்டிக்கொண்டார்.

ஏரிக்கரை மேல் நடை. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் ஒவ்வொன்றும் பூத்தது போல வெள்ளையாக இருந்தன. கிட்டப் பார்த்தால் பூ இல்லை, அத்தனையும் பறவை. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, நீர்க்காகம், மஞ்சள்மூக்கு நாரை, ஒரே மரத்தில் மேல்மாடி கீழ்மாடியாகக் குடியிருக்கின்றன. குஞ்சுகளின் சத்தம் கல்யாண வீட்டுப் பந்தி போல விடாமல் கேட்டது. எச்ச வாடை முதலில் தூக்கியடிக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். அந்த எச்சம் கலந்த தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, உரம் போட்ட தண்ணீர் மாதிரி. அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவையைக் காத்துவருகிறார்கள். 1798இலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, இங்கே பறவை சுடக் கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். தீபாவளிக்கு இன்றும் வெடி வெடிப்பதில்லை.

பையன் அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றான். கரைக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், நத்தைகுத்தி நாரை ஒன்று. மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே பாக்குவெட்டி போல ஒரு இடைவெளி. சேற்றைத் துழாவி நத்தையை எடுத்தது, தண்ணீருக்கு அடியிலேயே வைத்து ஓட்டின் வாய்ப்பக்கமாக அலகு நுனியை நுழைத்து, தலையை இரண்டு உதறு உதறியது. வெளியே வரும்போது அலகில் சதை மட்டும்தான். ஓடு உடையவே இல்லை, கரையோரம் காலி ஓடுகள் முழுசு முழுசாகக் கிடந்தன. பையன் பைனாகுலரைக் கீழே இறக்கவில்லை, கை நடுங்கவும் இல்லை. "சித்தி, பதினொண்ணு" என்றான் மெதுவாக. நத்தைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

பத்து மணிக்கு விடுமுறைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு குழு போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தது. கைலி கட்டிய உள்ளூர்க்காரர் ஒருவர் எதிரே போய் நின்று, "சார், குஞ்சு வச்சிருக்குதுங்க. கொஞ்சம் நிறுத்திடுங்க சார்" என்றார். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசலில் பேசும் குரல். பாட்டு உடனே நின்றுவிட்டது, அந்தக் குழுவில் ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு மேலே பறந்த நீர்க்காகம் ஒன்று என் தொப்பியில் எச்சம் போட்டது. தொப்பி வாங்கியது வீண் போகவில்லை. ஈரிழைத் துண்டால் துடைத்தேன்.

நிழலில் உட்கார்ந்து பொடி இட்லி பிரித்தோம். பக்கத்தில் இருந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் மந்தார இலை வாசனைக்கு எட்டிப் பார்த்தது. அம்மா ஒரு பொட்டலத்தை அப்படியே கொடுத்துவிட்டார். அவர்கள் பதிலுக்கு நான்கு கொய்யாப்பழம் கொடுத்தார்கள். கிளம்பும்வரை அம்மாவுக்குத் தலைவலி வரவில்லை.

வெளியே ஒரு பாட்டி பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் போட்டு அவித்தது, இன்னும் சூடு இருந்தது. கட்டு 40 ரூபாய். "பையில இடம் இருக்குதா ஆயா?" என்று பையன் அம்மாவைக் கேட்டான். அம்மா பையைத் திறந்து காட்டினார். இட்லி போன இடம் முழுக்கக் காலியாக இருந்தது. மூன்று கட்டு வாங்கினோம், ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று அந்த ஆசிரியைக்கு. வீட்டுக்கு வந்ததும் பையன் முதலில் தராசைத்தான் எடுத்தான்.

4 கிலோ 600.